தாங்கும், எத்தனை நாளைக்கு?



திருச்சிக்கு வந்து இரும்பைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 1960களில் திருவெறும்பூரில் பெல் பாய்லர் தொழிற்சாலை வந்ததிலிருந்து இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேராவது பாய்லர் தெரிந்தவர்கள். உங்களில் பலர் பற்றவைத்த குழாய்கள் இன்றைக்கும் எத்தனையோ மின் நிலையங்களில் நெருப்பில் நின்றுகொண்டிருக்கின்றன. அந்தக் குழாய்களைப் பற்றியும் பேசுவேன். அதற்கு முன்னால் வேறு சில இடங்களுக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும்.

இரும்பு தாங்குமா என்று கேட்டால் தாங்கும் என்கிறோம். கான்கிரீட் தாங்குமா? தாங்கும். பாலத்தின் மேல் லாரிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கிறோம். வளைவு எவ்வளவு என்று அளக்கிறோம். லாரியை எடுத்ததும் பாலம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். நான் கேட்க வந்தது அதற்கு அடுத்த கேள்வி. எத்தனை நாளைக்குத் தாங்கும்? இன்று தாங்கியது பத்து வருஷம் கழித்தும் தாங்குமா? சுமை கூடவில்லை, ஒரு கிலோகூடக் கூடவில்லை. அப்படியும் ஒரு பொருள் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளுமா?

மாற்றிக்கொள்ளும். நைலான் கயிற்றுக் கட்டில் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். பின்னிய புதிதில் தட்டினால் டங்கென்று சத்தம் வரும். ஆறு மாதத்தில் நடுவில் தொட்டியாகிவிடும். படுப்பவர் அதே ஆள், எடை அதே எடை, கயிறும் எங்கும் அறவில்லை. ஆனாலும் கயிறு நீண்டிருக்கிறது. கால்மாட்டில் இழுத்துக் கட்டினால்தான் மறுபடி படுக்க முடியும். மாறாத சுமையின் கீழ், நாளாக ஆக, பொருள் மெல்ல மெல்ல உருமாறுவதைத்தான் பட்டறையில் க்ரீப் என்கிறோம். ஊர்வு என்று சொல்லிக்கொள்வோம்.

நைலான் சரி, இரும்புமா இப்படி? இந்தச் சந்தேகம் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே ஒருவருக்கு வந்தது. சிவில் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் சிமெண்டு இறுகும் நேரத்தை ஒரு ஊசியை வைத்துச் சோதிக்கிறீர்களே, விகாட் ஊசி, அந்த லூயி விகாட்தான். பிரான்சில் இரும்புக் கம்பிகளில் பாலங்களைத் தொங்கவிடத் தொடங்கிய காலம். எல்லோரும் கம்பி எவ்வளவு எடையில் அறும் என்று பார்த்தார்கள். விகாட் கம்பிகளில் எடையைக் கட்டி அப்படியே விட்டுவிட்டார். நாள்கணக்கில் அல்ல, ஏறத்தாழ மூன்று ஆண்டு. அறும் எடையில் முக்கால் பங்கைச் சுமந்த கம்பி நீண்டுகொண்டே இருந்தது. 1834இல் அதை எழுதி வெளியிட்டார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து 1910. லண்டனில் ஆண்ட்ரேட் என்ற இளம் இயற்பியலாளர் ஈயக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். அவருக்கு ஒரு சிக்கல். கம்பி நீள நீள மெலிகிறது. மெலிய மெலிய, அதே எடை கம்பிக்கு அதிகமாகிவிடுகிறது. அப்படியானால் நீளுவது காலத்தாலா, மெலிந்ததாலா? அவர் செய்த தந்திரத்தைப் பாருங்கள். எடைக்கட்டியையே ஒரு தனி வடிவத்தில் கடைந்து, அதைத் திரவத்தில் மூழ்கும்படி தொங்கவிட்டார். கம்பி நீண்டால் கட்டி இன்னும் கொஞ்சம் மூழ்கும். மூழ்கிய அளவுக்கு அதன் எடை குறையும். கம்பி எவ்வளவு மெலிந்ததோ சரியாக அவ்வளவு குறையும். கம்ப்யூட்டர் இல்லை, மோட்டார் இல்லை; ஒரு கட்டியும் ஒரு பாத்திரத் திரவமும் மட்டும். அப்படியும் கம்பி நீண்டது. ஆக, காலம்தான் வேலை செய்கிறது என்பது உறுதியாயிற்று.

இன்று பாடப்புத்தகத்தில் நீங்கள் படிக்கும் மூன்று கட்டங்கள் இந்த வழியில் வந்தவைதான். முதலில் வேகமாக நீளும், பிறகு நிதானப்படும். நடுவில் ஒரே சீராக, சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவாக, நெடுங்காலம் ஊரும். கடைசியில் உள்ளே நுண்குழிகள் பெருகி, வேகம் பிடித்து, அறுந்துவிடும். ஆபத்து எந்தக் கட்டத்தில்? மூன்றாவது என்பீர்கள். நான் இரண்டாவது என்பேன். ஒன்றுமே நடக்காதது போல இருப்பது அந்தக் கட்டத்தில்தான்.

உள்ளே என்னதான் நடக்கிறது? இந்த மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக நெருக்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி. பக்கத்தில் இருப்பவர் அதில் நகர்ந்து உட்காருகிறார்; அவர் இடம் காலியாகிறது; அதற்கு அடுத்தவர் நகருகிறார். யாரும் இரண்டடிக்கு மேல் நகரவில்லை, ஆனால் காலி நாற்காலி சுவரோரம் போய்விட்டது. உலோகத்துக்குள்ளும் அணுக்களின் வரிசையில் இப்படிக் காலியிடங்கள் உண்டு. சூடு ஏற ஏறக் காலியிடம் பெருகும், அணுக்கள் தாவுவதும் அதிகமாகும். சுமை இல்லாவிட்டால் எல்லாத் திசையிலும் தாவும், கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. சுமை இருந்தால் ஒரு திசைக்குச் சாய்வு வந்துவிடுகிறது. அந்தச் சாய்வுதான் ஊர்வு.

அதனால் எந்தப் பொருள் எப்போது ஊரும் என்பதை அதன் உருகுநிலையை வைத்துச் சொல்லிவிடலாம். மைனஸ் 273 டிகிரியைப் பூஜ்யமாக வைத்து எண்ணுங்கள். அந்தக் கணக்கில் உருகுநிலையில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தாண்டினால் உலோகம் ஊர்வதைப் பொருட்படுத்த வேண்டும். ஈயம் உருகுவது 327 டிகிரியில். அந்தக் கணக்கில் 600. நம் அறை வெப்பமோ 300. ஆக, ஈயம் இந்த மண்டபத்தில் சும்மா கிடக்கும்போதே பாதிச் சூட்டில் இருக்கிறது. பழைய தேவாலயங்களின் கூரையில் வேய்ந்த ஈயத் தகடுகள் தம் எடையிலேயே கீழே சரிந்து மடிவது அதனால்தான். இமயத்துப் பனிக்கட்டி தன் உருகுநிலைக்கு வெகு அருகில் இருப்பதால் ஆறு போல ஊர்கிறது. பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை 2500 டிகிரியில் தொங்கிச் சுருண்டுபோகும். பொட்டாசியம் கலந்த உப்புகளைத் துளியளவு சேர்த்துத்தான் அதை நிமிர்ந்து நிற்க வைத்தார்கள். இங்கே யாராவது எழுந்து, பழங்காலக் கண்ணாடி ஜன்னல்கள் கீழே தடித்திருக்கின்றனவே, கண்ணாடியும் ஊர்கிறதா என்று கேட்கலாம். அது கட்டுக்கதை. அன்றைக்குச் செய்த கண்ணாடியே சீராக இருக்காது. ஜன்னல் கண்ணாடி அறை வெப்பத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு ஊர மனித வரலாறு போதாது.

இரும்புக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 450 டிகிரி வருகிறது. விகாட்டின் கம்பி போல அறும் எடைக்கு அருகில் சுமை ஏற்றாதவரை, பாலத்துக்கும் கூரைக்கும் போடும் இரும்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். பாய்லர்க்காரர்தான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் கான்கிரீட்டுக்குச் சூடே தேவையில்லை.

1911 வாக்கில் பிரான்சில் அல்லியே ஆற்றின் மேல் லெ வெர்துர் என்ற ஊரில் ஒரு பாலம் எழுந்தது. கட்டியவர் யூஜின் ஃபிரெசினே. அரசாங்கம் ஒரு பாலத்துக்குப் போட்ட மதிப்பீட்டில் மூன்று பாலம் கட்டித் தருகிறேன் என்று சொன்ன ஆள். கான்கிரீட்டை மூன்று மெல்லிய வளைவுகளாக, நடு வளைவு 72 மீட்டருக்கு மேல் தாவும்படி கட்டினார். சுமை வைத்துப் பார்த்தார்கள், பாலம் அசையவில்லை. ஊரே பாராட்டியது. பாராட்டு அடங்கி மாதங்கள் கழிந்தன. பாலத்தின் கைப்பிடிச் சுவர் நேர்கோட்டிலிருந்து தொய்ய ஆரம்பித்தது. வளைவின் உச்சிகள் இறங்கிக்கொண்டிருந்தன. போகிற வண்டிகள் அதே வண்டிகள்தான். அன்றைய அரசு விதிகளோ, கான்கிரீட் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவுதான், பிறகு மாறாது என்றன. விதி சொல்கிறது மாறாது என்று; கண் சொல்கிறது மாறுகிறது என்று. நீங்களாக இருந்தால் எதை நம்புவீர்கள்?

அவர் கண்ணை நம்பினார். ஒரு நாள் விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். நம்பிக்கையான நாலு பேரை எழுப்பினார். கட்டும்போது வளைவுகளைத் தூக்கப் பயன்பட்ட ஜாக்கிகளை மறுபடி உச்சியில் பொருத்தினார்கள். வெளிச்சம் வந்து மட்டம் பார்க்க முடிந்ததும் மூன்று வளைவையும் ஒருசேரத் தூக்கினார்கள். அன்று சந்தை நாள் வேறு. வண்டி வரும்போதெல்லாம் வேலையை நிறுத்தி வழிவிட்டு, மறுபடி தூக்கினார்கள். தூக்கிய இடைவெளியில் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். பாலம் நிலைத்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு வைத்துத் தகர்க்கும்வரை நின்றது. யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்த வேலை. இன்றைக்கு அப்படிச் செய்தால் அந்த இன்ஜினியர் மேல் மெமோ பாயும்!

அந்த விடியலிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது என்ன? கான்கிரீட் ஊரும் என்ற உண்மை. அதை வைத்தே பிற்பாடு முன்னழுத்தக் கான்கிரீட்டை உருவாக்கினார். 1928இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்பியை இழுத்துக் கட்டிக் கான்கிரீட்டை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருக்கும் யோசனை அவருக்கு முன்பே பலருக்கு வந்ததுதான். அவர்கள் எல்லோரும் தோற்றார்கள். ஏன் தோற்றார்கள் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன், மாணவர்கள் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

10 மீட்டர் நீள உத்தரம். சாதாரண இரும்புக் கம்பியைத் தாங்கும் அளவுக்கு இழுத்தால் 7 மில்லிமீட்டர் போல நீளும். அந்த 7 மில்லிமீட்டர்தான் உங்கள் முதலீடு. அது கான்கிரீட்டை அழுத்துகிறது. கான்கிரீட் என்ன செய்கிறது? காய்ந்து சுருங்குகிறது, அழுத்தத்தில் ஊர்ந்து குறுகுகிறது. இரண்டும் சேர்ந்து சில ஆண்டுகளில் 6, 7 மில்லிமீட்டர். வட்டிக்கு வட்டி போய் முதலும் போயிற்று! கம்பி தொளதொளவென்று ஆகிவிடும். ஃபிரெசினே உயர் வலிமைக் கம்பியை எடுத்தார். அதை இழுத்தால் 60 மில்லிமீட்டர் நீளும். கான்கிரீட் அதே 7ஐத் தின்றுவிட்டுப் போகட்டும்; 53 மிச்சம். இவ்வளவுதான் ரகசியம். ஊர்வைத் தடுக்க அவர் முயலவே இல்லை. ஊர்வு தின்றது போக மிச்சம் இருக்கும்படி இலை போட்டார்.

பாடம் தெரிந்துவிட்டதே, பிறகு என்ன பயம் என்று கேட்கிறீர்களா? வாருங்கள், பசிபிக் கடலில் பலாவ் தீவுகளுக்குப் போவோம்.

அங்கே கோரோர், பாபெல்டாப் என்ற இரண்டு தீவுகளை இணைத்து 1977இல் ஒரு முன்னழுத்தக் கான்கிரீட் பாலம் திறந்தார்கள். நடுத்தாவல் மட்டும் 241 மீட்டர். அந்த வகையில் அன்றைக்கு உலகிலேயே நீளமானது. இரு கரையிலிருந்தும் இரண்டு கைகள் நீண்டு நடுக்கடலில் ஒரு கீலில் சந்திக்கும் அமைப்பு. நடுப்பகுதி கொஞ்சம் இறங்கும் என்று கணக்கிலேயே எழுதியிருந்தார்கள். இறங்கியது. நின்றுவிடும் என்று எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை. பதினெட்டு ஆண்டில் ஒன்றரை மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது, கணக்கு சொன்னதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நேராகப் போக வேண்டிய சாலை நடுவில் பள்ளமாயிற்று. வண்டி ஓட்டுபவர்கள் முணுமுணுத்தார்கள். வல்லுநர்கள் வந்து பார்த்து, பாலத்துக்குப் பாதகமில்லை என்றார்கள். 1996இல் பழுது பார்த்தார்கள். நடுக் கீலை எடுத்துவிட்டு, புதிய கம்பிகளை இழுத்துக் கட்டி, மேலே தளத்தைச் சமன் செய்தார்கள். மூன்று மாதம் ஆயிற்று. செப்டம்பர் 26ஆம் தேதி மாலை, காற்றில்லை, மழையில்லை, பெரிய போக்குவரத்தும் இல்லை. பாலம் கடலில் விழுந்தது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். தண்ணீர்க் குழாயும் மின் கம்பியும் அதே பாலத்தில்தான் போயின. அன்றைய தலைநகருக்குக் குடிநீரும் நின்றது, விளக்கும் அணைந்தது. நாட்டில் அவசர நிலை அறிவித்தார்கள்.

பாலத்தைத் தொய்ய வைத்தது ஊர்வு. விழ வைத்ததில் அந்தப் பழுதுபார்ப்புக்கும் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. ஆனால் எனக்கு இந்தக் கதையில் பொறுக்க முடியாதது வேறொன்று. பாலம் விழுந்தது தொடர்பான வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. அதோடு பாலத்தின் தொழில்நுட்ப ஆவணங்களையும் பூட்டிவிட்டார்கள். பத்தாண்டுக்கும் மேல் ஒருவரும் பார்க்க முடியவில்லை. அமெரிக்காவில் பஜான்ட் என்ற பேராசிரியரும் உலகின் பல பொறியாளர்களும் சேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான் 2008இல் திறந்தார்கள். திறந்து கணக்கைப் பார்த்தபோது தெரிந்தது: பல விதிநூல்கள் நம்பியதுபோல கான்கிரீட்டின் ஊர்வு ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதில்லை. வேகம் குறைகிறது, ஆனால் போய்க்கொண்டே இருக்கிறது. இதே போலக் கணக்கை மீறித் தொய்ந்துகொண்டிருந்த பாலங்கள் வேறு நாடுகளிலும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. அந்தக் காகிதங்களைப் பூட்டாமல் இருந்திருந்தால் அத்தனையும் பத்தாண்டு முன்பே தெரிந்திருக்கும்!

நம் வீட்டுக்கு வருவோம். தளம் போட்டதும் கொத்தனாரை அவசரப்படுத்திச் சென்ட்ரிங் பிரிக்கச் சொல்கிறோமே, அதுவும் இதே கதைதான். இளம் கான்கிரீட்டில் சுமையை ஏற்றினால் அது முதிர்ந்த கான்கிரீட்டைவிட அதிகமாக ஊரும். 4.5 மீட்டருக்கு மேல் அகலமான தளத்துக்கு முட்டு 14 நாள், 6 மீட்டருக்கு மேல் நீளமான உத்தரத்துக்கு 21 நாள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. வாடகைக்கு எடுத்த முட்டுக்கு நாள் வாடகை ஏறுகிறதே என்று முன்னதாகப் பிடுங்கினால், பிற்பாடு தளத்தில் தண்ணீர் தேங்கும்.

இன்னொரு சம்பவம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு நெடுஞ்சாலைச் சுரங்கம். அதன் கூரையில் துளை போட்டு, எபாக்சிப் பசையில் போல்ட்டுகளை ஒட்டி, அந்தப் போல்ட்டுகளில் கான்கிரீட் பலகைகளைத் தொங்கவிட்டார்கள். போல்ட்டுகளை இழுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். வடிவமைத்த சுமையைவிடக் கூடுதலாகவே இழுத்தார்கள். சில நிமிடம் தாங்கின. தேர்ச்சி! ஆனால் போட்டது சீக்கிரம் இறுகும் ரகப் பசை. விடாத சுமையில் ஊரும் ரகம். கட்டுமான காலத்திலேயே சில போல்ட்டுகள் கொஞ்சம் வெளியே வந்திருந்ததைப் பார்த்தார்கள். மறுபடி ஒட்டினார்கள், ஏன் வந்தது என்று அடிவரை போய்ப் பார்க்கவில்லை. 2006 ஜூலை 10ஆம் தேதி இரவு, ஏறத்தாழ 26 டன் எடை, ஓடிக்கொண்டிருந்த ஒரு காரின் மேல் விழுந்தது. ஒரு பெண் இறந்துபோனார். விசாரணை அறிக்கை பசையின் ஊர்வைத்தான் முதல் காரணமாகச் சொன்னது. அந்தச் சோதனை பொய்யில்லை, நண்பர்களே. அது வேறொரு கேள்விக்கு விடை சொன்னது. இன்று நம் ஊர்களில் மால்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தலைக்கு மேல் எதையெதையோ கெமிக்கல் ஆங்கரில் தொங்கவிடுகிறார்கள். நீடித்த சுமைக்கு என்று சான்று பெற்ற பசையா என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

இப்போது பாய்லருக்கு வருகிறேன். உங்கள் சொந்த நிலம்.

சூப்பர்ஹீட்டர் குழாய். உள்ளே நூறு மடங்குக்கும் மேற்பட்ட காற்றழுத்தத்தில் நீராவி, 540 டிகிரி. வெளியே புகைவாயு. இரவு பகல் இதே வேலை. இந்தக் குழாய் எத்தனை நாள் உழைக்கும் என்று தெரிய வேண்டும். ஒரு லட்சம் மணி நேரம் என்று வையுங்கள். நிறுத்தாமல் ஓடினால் பதினோரு வருஷத்துக்கு மேல். பதினோரு வருஷம் சோதித்துவிட்டா குழாயை விற்க முடியும்? ஜப்பானில் ஒரு ஆய்வுக்கூடத்தில் 1969இல் 400 டிகிரி உலையில் தொங்கவிட்ட ஓர் எஃகுத் தண்டை நாற்பது ஆண்டுக்கு மேல் சோதித்தார்கள், அவ்வளவு பொறுமை ஆய்வுக்கு உண்டு. நம் கல்பாக்கத்திலும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், சோடியம் ஓடும் அதிவேக ஈனுலைக்கான எஃகுகள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உலைக்குள் சுமையோடு தொங்குகின்றன. தொழிற்சாலை அவ்வளவு காத்திருக்காது.

வழி சொன்னவர்கள் லார்சன், மில்லர் என்ற இருவர், 1952இல். சூட்டைக் கூட்டினால் காலத்தைச் சுருக்கலாம் என்றார்கள். அவர்கள் சூத்திரப்படி, 540 டிகிரியில் ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும் எஃகு, அதே சுமையில் 600 டிகிரியில் 1900 மணி நேரம் போலத் தாங்கும். எண்பது நாள் சோதனை, பதினோரு வருஷத்துக்கு ஜாமீன் நிற்கிறது.

இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆபரேட்டர் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். 540க்குப் பதில் 550இல் ஓட்டினால்? வெறும் 10 டிகிரி! ஒரு லட்சம் மணி நேரம் 50 ஆயிரமாகிறது. 20 டிகிரி கூடினால் 25 ஆயிரம். பத்து டிகிரிக்குப் பாதி ஆயுள்! குழாயின் உள்சுவரில் ஆக்சைடு படிவு ஏறினால் நீராவிக்கு வெப்பம் போவது குறைந்து, இரும்பே சூடாகும். மீட்டரில் நீராவி 540 என்றே காட்டும். குழாயின் உலோகம் அதற்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பஞ்சரான குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உதடு மெலிந்து வாயைப் பிளந்திருந்தால் திடீர்ச் சூடு. சுவர் தடிமனாகவே இருந்து, நீளவாக்கில் கீறல் விட்டிருந்தால் அது பல ஆண்டு ஊர்வு.

அந்தக் கீறல் வருமுன் பார்க்க வழி உண்டா? உண்டு. குழாயை அறுக்கவே வேண்டாம். ஓரிடத்தைக் கண்ணாடி போல மெருகேற்றி, அமிலம் தடவி, அசிட்டோனில் நனைத்த மெல்லிய பிலிமை ஒட்டி உரித்தெடுப்பார்கள். ரெப்ளிகா என்பது இதுதான். அதை நுண்ணோக்கியில் வைத்தால் படிகங்களின் எல்லைக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளில் அங்கொன்றும் இங்கொன்றும் கரும்புள்ளி இருந்தால் இன்னும் காலம் உண்டு. புள்ளிகள் வரிசை கட்டிச் சங்கிலியானால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எல்லைக் கோட்டில்தான் வினை என்று தெரிந்ததால், ஜெட் விமான டர்பைன் தகடுகளை எல்லைக் கோடே இல்லாமல் ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள். ஹைதராபாத்தில் நம் பாதுகாப்பு ஆய்வுக்கூடமும் அதைச் செய்துகாட்டியிருக்கிறது.

400 டிகிரிக்கு மேல் ஓடும் பாய்லர் ஒரு லட்சம் மணி நேரத்தைக் கடந்ததும் மிச்ச ஆயுளைச் சோதித்தே ஆக வேண்டும் என்பது இந்திய பாய்லர் விதி. சோதிக்க வருபவர் முதலில் கேட்பது என்ன தெரியுமா? எத்தனை மணி ஓடியது, எந்தச் சூட்டில் ஓடியது? பல ஆலைகளில் இதற்கு விடை கிடைப்பதில்லை. பழைய லாக் புத்தகம் கரையான் அரித்திருக்கும். அல்லது சூடு கூடிய நாளில் 540 என்றே எழுதியிருக்கும். பலாவில் பூட்டி வைத்தார்கள். இங்கே நாம் எழுதாமல் விடுகிறோம்.

ஆகையால் இங்கே இருக்கும் ஆபரேட்டர்களையும் மேற்பார்வையாளர்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை ஷிப்டிலிருந்து, மீட்டர் 552 காட்டினால் 552 என்றே எழுதுங்கள். எத்தனை மணி நேரம் அப்படி ஓடியது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதிகாரிகளே, அப்படி எழுதியவரைக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள். அந்தப் புத்தகத்தைப் பாய்லர் இருக்கும்வரை பத்திரமாக வையுங்கள்.